நுண்துளைப் பாகுமீட்சிப் பொருள்கள்: ஒரு கோட்பாட்டின் வரலாறு

நீர் நிறைந்த களிமண், மூட்டுகளில் உள்ள குருத்தெலும்பு, மெத்தைக்குள் வைக்கும் நுரை ஆகிய மூன்றும் பார்வைக்கு வேறு வேறு பொருள்கள். ஆனால் சுமையைத் தாங்கும் முறையில் மூன்றும் ஒத்திருக்கின்றன. சுமை வைத்தவுடன் சிறிது அமுங்கும். பிறகு சுமை மாறாமல் இருக்கும்போதே நேரம் செல்லச் செல்ல மேலும் அமுங்கும். சுமையை எடுத்த பின்பு பழைய வடிவத்துக்குத் திரும்பவும் நேரம் பிடிக்கும். களிமண் முழுவதுமாகத் திரும்புவதே இல்லை.

இந்தத் தாமதத்துக்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, பொருளின் நுண்துளைகளில் உள்ள நீரோ காற்றோ வெளியேற வேண்டும். துளைகள் மிகச் சிறியவை என்பதால் அது மெதுவாகவே நடக்கும். இரண்டாவது, துளைகளைச் சூழ்ந்துள்ள திண்மக் கூடே மெதுவாக வடிவம் மாறும் இயல்புடையது. பாகைப் போல மெல்ல ஓடும் தன்மையும் ரப்பரைப் போல மீளும் தன்மையும் ஒரே பொருளில் சேர்ந்திருப்பதைப் பாகுமீட்சி என்கிறோம். இரண்டு காரணங்களும் ஒன்றாகச் செயல்படும் பொருளே நுண்துளைப் பாகுமீட்சிப் பொருள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டின் விளைவும் ஒன்றுபோலவே தெரியும். அவற்றைப் பிரித்தறிந்து கணக்கில் கொண்டுவர ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிற்று. அந்த வரலாற்றின் நடுவே ஒரு துயர நிகழ்வும் உண்டு.

பட்டு நூலும் மணல் வடிகட்டியும்

பாகுமீட்சி பற்றிய ஆய்வு ஒரு பட்டு நூலில் தொடங்கியது எனலாம். ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் காந்தக் கருவிகளில் காந்தங்களைத் தொங்கவிடப் பட்டு நூல் பயன்பட்டது. இயற்பியலாளர் வில்ஹெல்ம் வேபர், எடை கட்டிய நூல் உடனே நீள்வதோடு நில்லாமல் பின்னரும் மெல்ல மெல்ல நீள்வதைக் கவனித்து 1835-இல் எழுதினார். எடையை நீக்கினாலும் அப்படியே: பெரும்பகுதி உடனே சுருங்கும், மீதி பிறகு மெதுவாகச் சுருங்கும். ஹூக்கின் விதிப்படி விசைக்கு ஏற்ற நீட்சி மட்டுமே இருக்க வேண்டும். காலத்துக்கு அந்த விதியில் இடமில்லை.

1867-இல் ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல், பொருளுக்குள் ஏற்படும் தகைவு காலப்போக்கில் தளர்ந்து குறையும் என்பதை ஒரு சமன்பாடாக்கினார். ஒரு சுருள்வில்லையும் எண்ணெய்க்குள் நகரும் ஒரு தட்டையும் அடுத்தடுத்து இணைத்துப் பாடநூல்களில் வரையப்படும் 'மேக்ஸ்வெல் மாதிரி' இதிலிருந்து வந்தது. 1874-இல் லுட்விக் போல்ட்ஸ்மான் வியன்னா அறிவியல் கழகத்தின் வெளியீட்டில் இன்னும் ஆழமான கருத்தொன்றை வைத்தார். ஒரு பொருள் இன்று எப்படி நடந்துகொள்ளும் என்பது இன்றைய சுமையை மட்டும் பொறுத்ததன்று. நேற்றும் முந்தைய நாளும் அது பட்ட சுமைகள் ஒவ்வொன்றின் மிச்ச விளைவும் கூடிச் சேர்ந்தே இன்றைய நிலை அமைகிறது. பொருளுக்கு நினைவு உண்டு. பழைய நினைவுகள் மங்கிக்கொண்டே வரும். பாகுமீட்சிக் கணக்குகள் இன்றும் இந்த அடித்தளத்தின் மேல்தான் நிற்கின்றன.

துளை வழியே நீர் செல்வதைப் பற்றிய விதி தனியே வளர்ந்தது. பிரான்சின் டிஜோன் நகருக்குக் குடிநீர் கொண்டுவந்த பொறியாளர் ஹென்றி டார்சி, மணல் நிரப்பிய குழாயில் நீரைச் செலுத்திச் சோதனைகள் செய்து முடிவுகளை 1856-இல் வெளியிட்டார். மணலின் இரு முனைகளுக்கும் இடையிலான நீர்மட்ட வேறுபாடு இரட்டித்தால் நீரோட்டமும் இரட்டிக்கும். டார்சியின் மணல் அசையாதது, அமுங்காதது. நீர் நகரும்போது மண்ணும் சேர்ந்து அமுங்கினால் என்ன ஆகும் என்ற கேள்வி அவருக்குத் தேவைப்படவில்லை.

இஸ்தான்புல்லில் ஒரு களிமண் வில்லை

அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டவர் கார்ல் தெர்சாகி. 1883-இல் பிராகா நகரில் பிறந்து, கிராட்ஸ் நகரில் இயந்திரப் பொறியியல் படித்தவர். கட்டுமானப் பணிகளில் ஈடுபட்டிருந்தபோது, அடித்தளங்கள் ஏன் அமிழ்கின்றன என்பதற்குப் பொறியாளர்களிடம் முறையான விடை இல்லாதது அவரை உறுத்தியது. 1916-இல் இஸ்தான்புல்லுக்கு ஆசிரியராகச் சென்றார். முதல் உலகப்போர் முடிந்த பின் அங்கிருந்த அமெரிக்கக் கல்வி நிறுவனமான ராபர்ட் கல்லூரியில் பணியாற்றினார். வசதியான ஆய்வுக்கூடம் ஏதுமில்லாத நிலையில் சோதனைக் கருவிகளைத் தாமே அமைத்துக்கொண்டார்.

சோதனை எளிமையானது. ஒரு உலோக வளையத்துக்குள் நீர் நிறைந்த களிமண்ணை வில்லையாக வைத்து, மேலும் கீழும் நீர் கசியவிடும் துளைக்கற்களைப் பொருத்தி, மேலே எடையை ஏற்றுவார். பக்கவாட்டில் மண் விலக முடியாது. நீர் மட்டும் கற்கள் வழியே வெளியேறலாம். வில்லையின் தடிமன் நேரத்துக்கு நேரம் எவ்வளவு குறைகிறது என்று அளப்பார்.

எடை ஏற்றிய கணத்தில் அந்தச் சுமையைத் துளைநீரே தாங்குகிறது என்று அவர் கண்டார். நீர் கசியக் கசியச் சுமை சிறிது சிறிதாக மண் துகள்களின் கூட்டுக்கு மாறுகிறது. மொத்தத் தகைவிலிருந்து துளைநீரின் அழுத்தத்தைக் கழித்தால் வருவதே மண்கூடு உண்மையில் உணரும் தகைவு. இதற்குப் 'பயனுறு தகைவு' என்று பெயர். மண்ணின் அமுக்கத்தையும் வலிமையையும் இதுவே தீர்மானிக்கிறது. நீர் வெளியேறி மண் இறுகும் வேகத்துக்கான சமன்பாட்டை 1923-இல் வெளியிட்டார். ஓர் உலோகக் கம்பியில் வெப்பம் பரவுவதற்கான சமன்பாட்டின் அதே உருவம் அது. 1925-இல் வியன்னாவில் வெளிவந்த அவருடைய 'எர்ட்பாவ்மெக்கானிக்' என்ற நூலோடு மண் இயக்கவியல் ஒரு தனித்துறையானது.

இந்தச் சமன்பாட்டிலிருந்து வரும் ஒரு விதியை மாணவர்கள் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். இறுகுவதற்கு ஆகும் நேரம், நீர் கடக்க வேண்டிய தூரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் அமையும். 2 செ.மீ. தடிமனுள்ள வில்லையில் நீர் மேலும் கீழும் வடிந்தால் அது கடக்கும் மிகப்பெரிய தூரம் 1 செ.மீ. அந்த வில்லை இறுக 1 மணி நேரம் ஆனது என்று கொள்வோம். அதே களிமண் நிலத்தடியில் 10 மீட்டர் தடிமனுக்கு இருந்து, மேலும் கீழும் மணலால் சூழப்பட்டிருந்தால் வடிதூரம் 500 செ.மீ. எனவே ஆகும் நேரம் 500-இன் வர்க்கம், அதாவது 2,50,000 மணி நேரம். ஆண்டுக் கணக்கில் 28-க்கும் மேல். மேசை மேல் ஒரு மணி நேரத்தில் முடியும் நிகழ்ச்சி, கட்டடத்தின் அடியில் ஒரு தலைமுறைக் காலம் நடக்கிறது.

பீசா நகரின் சாய்ந்த கோபுரம் நின்றுகொண்டிருப்பதற்கும் இதுவே காரணம். 1173-இல் தொடங்கிய கட்டுமானம் சில ஆண்டுகளில் நின்றுபோய் 1272-இல்தான் மறுபடி தொடங்கியது. இடையில் கிடைத்த ஏறத்தாழ நூறு ஆண்டுகளில் அடியிலிருந்த களிமண் நீரை வெளியேற்றி வலுப்பெற்றது. ஒரே மூச்சில் கட்டியிருந்தால் கோபுரம் அப்போதே விழுந்திருக்கும் என்பது பொறியாளர்களின் கணிப்பு.

வியன்னாவில் நடந்த மோதல்

அமெரிக்காவில் சில ஆண்டுகள் பணியாற்றிய தெர்சாகி 1929-இல் வியன்னா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராக வந்தார். அதே நிறுவனத்தில் இயக்கவியல் பேராசிரியராக இருந்தவர் பவுல் ஃபில்லுங்கர். இவரும் 1883-இல் பிறந்தவர். அணைகளுக்குள் கசியும் நீர் அணையை மேல்நோக்கித் தள்ளும் விசையைப் பற்றி 1913 முதலே ஆய்வுக் கட்டுரைகள் எழுதியவர். நீரில் ஊறிய சிமெண்டுத் துண்டுகளைச் சோதித்து, துளைநீரின் அழுத்தம் அவற்றின் வலிமையைப் பாதிக்கவில்லை என்று கண்டவரும் இவரே. பயனுறு தகைவு என்ற கருத்தின் முதல் சாயலைச் சில வரலாற்றாசிரியர்கள் இந்தச் சோதனைகளில் காண்கின்றனர்.

1936-இல் தெர்சாகியும் ஓ. கே. ஃப்ரோலிக்கும் களிமண் அடுக்குகளின் அமிழ்வு பற்றிய நூலை வெளியிட்டனர். அதே ஆண்டில் ஃபில்லுங்கர் 'எர்ட்பாவ்மெக்கானிக்?' என்ற சிறு நூலைத் தம் செலவில் அச்சிட்டார். தெர்சாகியின் நூற்பெயரை எடுத்து, பின்னால் ஒரு கேள்விக்குறியைச் சேர்த்திருந்தார். உள்ளே இருந்தவை இரண்டு. ஒன்று கடுமையான தனிப்பட்ட தாக்குதல்: தெர்சாகியின் கோட்பாடு பிழையானது, அதை நம்பிக் கட்டுவது கேடு, இதெல்லாம் அறிவியல் போர்வையில் நடக்கும் வணிகம் என்பது போன்ற குற்றச்சாட்டுகள். மற்றொன்று ஒரு புதிய கோட்பாடு. திண்மத்தையும் நீரையும் ஒரே இடத்தைப் பகிர்ந்துகொள்ளும் இரண்டு தனித்தனிப் பொருள்களாகக் கொண்டு, ஒவ்வொன்றுக்கும் தனியே நிறைச் சமநிலையும் விசைச் சமநிலையும் எழுதி, அவை ஒன்றன்மீது ஒன்று செலுத்தும் உராய்வையும் சேர்த்துக் கணக்கிடும் முறை அது.

பல்கலைக்கழகம் விசாரணைக்குழு அமைத்தது. தெர்சாகியும் ஃப்ரோலிக்கும் 1937-இல் மறுப்பு நூல் ஒன்றை வெளியிட்டனர். விசாரணை ஃபில்லுங்கருக்குப் பாதகமாகத் திரும்பியது. 1937 மார்ச் தொடக்கத்தில் ஃபில்லுங்கரும் அவருடைய மனைவியும் தங்கள் உயிரை மாய்த்துக்கொண்டனர்.

இதில் வேதனைக்குரிய செய்தி, இருவரின் கணக்கும் நடைமுறையில் பெரிதாக வேறுபடவில்லை என்பதே. களிமண்ணில் நீர் மிக மெதுவாக நகர்கிறது. அந்த நகர்ச்சியின் முடுக்கத்தைப் புறக்கணித்து, திரிபுகள் சிறியவை என்று கொண்டால், இரண்டு பொருள்களுக்கான சமநிலையிலிருந்தும் தெர்சாகியின் பரவல் சமன்பாடு போன்ற ஒன்றே கிடைக்கும். தெர்சாகி அளவீட்டிலிருந்தும் உள்ளுணர்விலிருந்தும் குறுக்குவழியாக அடைந்த இடத்துக்கு ஃபில்லுங்கர் அடிப்படை விதிகளிலிருந்து படிப்படியாகச் செல்ல முயன்றார். வசைமொழியை நீக்கிவிட்டு அந்தப் பக்கங்களை மட்டும் அவர் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தால் இந்தத் துறையின் வரலாறு வேறாக எழுதப்பட்டிருக்கும். நடந்ததோ, தாக்குதலோடு சேர்ந்து கோட்பாடும் புதைந்துபோனது. 1950-களின் நடுவில் வியன்னாவில் ஹைன்ரிக், தெசோயர் ஆகிய இருவர் அந்த வழியைத் தொடர்ந்தனர், அவ்வளவே. ஜெர்மானியப் பொறியியலாளர் ரைன்ட் தெ போர் பல ஆண்டுகள் பழைய ஆவணங்களைத் தேடிப் படித்து எழுதிய பிறகே ஃபில்லுங்கர் நவீன நுண்துளைப் பொருள் கோட்பாட்டின் முன்னோடி என்ற மதிப்பைப் பெற்றார்.

தெர்சாகியும் வியன்னாவில் நீடிக்கவில்லை. 1938-இல் அமெரிக்காவுக்குச் சென்று ஹார்வர்டில் சேர்ந்தார். 1963-இல் மறைந்தார்.

பியோவின் பொதுக் கோட்பாடு

தெர்சாகியின் சமன்பாடு ஒரே திசையில் அமுங்கும் மண்ணுக்கு உரியது. ஒரு தூணின் அடியிலுள்ள மண் எல்லாத் திசைகளிலும் நகரும். இதற்கான பொதுவான கோட்பாட்டைத் தந்தவர் மாரிஸ் அந்தோணி பியோ. 1905-இல் பெல்ஜியத்தின் ஆண்ட்வெர்ப் நகரில் பிறந்து, லூவெய்னிலும் பின்னர் கலிபோர்னியாவில் தியோடர் வான் கார்மனிடமும் படித்தவர். நிலநடுக்கத்தில் கட்டடங்கள் எப்படி அதிரும் என்ற கணக்கிலும் இவருடைய பெயர் இடம்பெறுகிறது.

1941-இல் வெளியான அவருடைய கட்டுரையில் மண்கூட்டின் திரிபும் துளைநீரின் அழுத்தமும் ஒன்றையொன்று பாதிப்பவையாகப் பிணைக்கப்பட்டன. நீரழுத்தம் மாறினால் கூடு வடிவம் மாறும். கூடு அமுங்கினால் நீரழுத்தம் மாறும். தெர்சாகியின் சமன்பாட்டில் நீரழுத்தம் தன் போக்கில் குறைந்துகொண்டே மட்டும் வரும். பியோவின் சமன்பாடுகளில் எதிர்பாராத ஒன்று வெளிப்பட்டது. 1953-இல் பிரான்சின் ழான் மான்டெல், இரு கடினமான தகடுகளுக்கு நடுவே அழுத்தப்பட்டு, பக்கங்களின் வழியே மட்டும் நீர் வடியும் மண்ணைக் கணக்கிட்டார். நடுப்பகுதியில் நீரழுத்தம் குறைவதற்கு முன்னால் முதலில் உயர்கிறது என்று விடை வந்தது. காரணம் இதுதான்: ஓரங்களில் உள்ள நீர் முதலில் வடிந்து ஓரங்கள் தளர்கின்றன, அவை விட்ட சுமையை இன்னும் நீர் நிறைந்திருக்கும் நடுப்பகுதி ஏற்றுக்கொள்கிறது. 1963-இல் க்ரையர் உருண்டை வடிவ மண்ணிலும் இதையே காட்டினார். அந்தப் பத்தாண்டில் களிமண் உருண்டைகளில் அளந்தும் உறுதி செய்யப்பட்டது. கணக்கு முன்னே சென்று அளவீடு பின்னே வந்த அரிய நிகழ்வுகளில் இது ஒன்று.

பாகுமீட்சி இந்தக் கோட்பாட்டுக்குள் நுழைந்தது 1956-இல். நுண்துளைப் பொருளின் கூடு பாகுமீட்சி உடையதாகவும் திசைக்குத் திசை வேறுபடுவதாகவும் இருந்தால் என்ன செய்வது என்று பியோ அந்த ஆண்டில் எழுதினார். மீட்சிக் கெழுக்கள் மாறாத எண்களாக இருக்கும் இடங்களில், காலத்தைச் சார்ந்த செயலிகளை வைத்தால் போதும் என்பது அவருடைய வழி. சமன்பாட்டின் கட்டமைப்பு அப்படியே இருக்கும். எண் இருந்த இடத்தில் போல்ட்ஸ்மானின் 'நினைவு' வந்து அமரும். எத்தகைய செயலிகள் இயற்கையில் இருக்க முடியும் என்பதை வெப்ப இயக்கவியலின் விதிகளைக் கொண்டு வரையறுத்தார். மேக்ஸ்வெல், போல்ட்ஸ்மான் வழியும் டார்சி, தெர்சாகி வழியும் அந்தக் கட்டுரையில் ஒன்றாயின.

அதே ஆண்டில் பியோ வேறொன்றையும் முன்கூறினார். நீர் நிறைந்த நுண்துளைப் பொருளில் இரண்டு வகை அமுக்க அலைகள் செல்லும். இரண்டாவது மெதுவானது, அதில் திண்மமும் நீரும் எதிரெதிராக அசையும். சோவியத் இயற்பியலாளர் யாகோவ் ஃப்ரெங்கெல் 1944-இலேயே இதைச் சொல்லியிருந்தார். 1980-இல்தான் தாமஸ் ப்ளோனா, சூடாக்கி ஒட்டவைத்த கண்ணாடி மணிகளை நீரில் ஊறவைத்து அந்த மெதுவான அலையை ஆய்வுக்கூடத்தில் கண்டார்.

எந்தத் தாமதம் எதனால்?

கோட்பாடு கிடைத்தாலும், குறிப்பிட்ட ஒரு பொருளில் எந்தத் தாமதம் நீரால் வந்தது, எது கூட்டால் வந்தது என்று சொல்வது எளிதாக இருக்கவில்லை. களிமண்ணில் துளைநீரின் மிகை அழுத்தம் முழுவதும் தீர்ந்த பின்னும் அமிழ்வு நிற்பதில்லை. 1936-இல் ஹார்வர்டில் நடந்த முதல் பன்னாட்டு மண் இயக்கவியல் மாநாட்டில் நெதர்லாந்தின் கெவெர்லிங் பௌஸ்மன் நீண்டகாலச் சோதனை முடிவுகளை வைத்தார். களிமண்ணும் கரிமண்ணும் காலத்தின் மடக்கைக்கு ஏற்ப அமிழ்ந்துகொண்டே போயின. அதாவது முதல் நாளிலிருந்து பத்தாம் நாள் வரை எவ்வளவு அமிழ்ந்ததோ, ஏறத்தாழ அவ்வளவே பத்தாம் நாளிலிருந்து நூறாம் நாள் வரை. இது கூட்டின் தவழ்வு. 1940-இல் டெய்லரும் மெர்ச்சன்டும் நீர் வடிதலையும் தவழ்வையும் ஒரே சமன்பாட்டில் சேர்க்க முயன்றனர். நீர் வடிந்துகொண்டிருக்கும்போதே தவழ்வும் நடக்கிறதா, வடிந்து முடிந்த பிறகுதான் தொடங்குகிறதா என்ற வாதம் மண் பொறியாளர்களிடையே பல பத்தாண்டுகள் நீடித்தது.

பிரித்தறியும் வழி, முன்பு சொன்ன வர்க்க விதியிலேயே இருக்கிறது. நீரால் வரும் தாமதம் பொருளின் அளவைப் பொறுத்தது: தடிமன் இரு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. கூட்டின் பாகுமீட்சியால் வரும் தாமதத்துக்கு அளவோடு தொடர்பில்லை. கைப்பிடித் துண்டானாலும் பத்து மீட்டர் அடுக்கானாலும் அதற்கு ஒரே நேரம்தான். ஆகவே ஒரே பொருளை இரண்டு அளவுகளில் சோதித்தால், நேரம் எப்படி மாறுகிறது என்பதே விடையைச் சொல்லிவிடும்.

இதைச் சரியாகக் கணிக்காவிட்டால் விலை அதிகம். ஜப்பானில் கடலுக்குள் தீவு அமைத்துக் கட்டப்பட்ட கன்சாய் விமான நிலையம் 1994-இல் திறக்கப்பட்டது. கடலடியின் மேற்புறக் களிமண் அடுக்கில் மணல் தூண்களை இறக்கி வடிதூரத்தைக் குறைத்தார்கள். அது விரைவில் இறுகியது. அதற்குக் கீழே ஆழத்தில் இருந்த பழைய களிமண் அடுக்குகளை அப்படிச் செய்ய முடியவில்லை. முதல் தீவு பத்து மீட்டருக்கும் மேல் அமிழ்ந்துவிட்டது. அமிழ்வின் வேகம் ஆண்டுக்கு ஆண்டு குறைந்துவந்தாலும் அது இன்னும் நிற்கவில்லை. கட்டடத்தின் தூண்களைத் தனித்தனியே தூக்கி, அடியில் தகடு செருகி மட்டப்படுத்தும் ஏற்பாடு அங்கே தொடக்கத்திலேயே அமைக்கப்பட்டது.

களிமண்ணிலிருந்து குருத்தெலும்புக்கு

மண்ணுக்காகப் பிறந்த இந்தக் கணக்கு மனித உடலுக்குள்ளும் சென்றது. மூட்டுக் குருத்தெலும்பின் எடையில் பெரும்பகுதி, ஏறத்தாழ 70 முதல் 80 விழுக்காடு, நீரே. மீதியுள்ளவை கொலாஜன் இழைகளும் அவற்றின் இடையே நீரைப் பிடித்துவைத்திருக்கும் பெருமூலக்கூறுகளும். 1980-இல் வேன் மோவும் அவருடைய உடனாய்வாளர்களும் குருத்தெலும்பைத் திண்மமும் நீரும் சேர்ந்த இருநிலைப் பொருளாகக் கணக்கிட்டனர். திண்மத்துக்கும் நீருக்கும் தனித்தனிச் சமநிலை, இடையே உராய்வு என்ற அமைப்பு ஃபில்லுங்கரின் 1936 பக்கங்களை நினைவூட்டுவது.

நடக்கும்போது ஒவ்வொரு அடியும் ஒரு வினாடிக்குள் முடிந்துவிடுகிறது. அதற்குள் குருத்தெலும்பின் நீர் அதிகம் வெளியேற முடியாது. எனவே உடலின் சுமையில் பெரும்பகுதியை நீரின் அழுத்தமே தாங்குகிறது, இழைகள் தப்பிக்கின்றன. நெடுநேரம் அசையாமல் நின்றால் நீர் மெல்ல விலகிச் சுமை இழைகளுக்கு மாறத் தொடங்கும். இஸ்தான்புல் வில்லையில் தெர்சாகி கண்டது இதையேதான். மூட்டுத் தேய்வில் திசு எளிதில் நீரை விட்டுவிடுவதால், நீர் தாங்க வேண்டிய சுமை முன்கூட்டியே இழைகள் மேல் விழுகிறது.

ஆனால் இருநிலைக் கணக்கு மட்டும் எல்லாச் சோதனைகளோடும் ஒத்துப்போகவில்லை. 1986-இல் ஆர்தர் மாக், நீரோட்டத்தோடு இழைக்கூட்டின் பாகுமீட்சியையும் சேர்த்து எழுதினார். பியோ 1956-இல் காட்டிய அதே சேர்க்கை, இம்முறை உயிருள்ள திசுவுக்கு. சறுக்கு விசையைச் செலுத்தும்போது கன அளவு மாறாது, நீரும் வெளியேறாது. அப்போதும் தாமதம் தெரிந்தால் அது கூட்டினுடையது. அமுக்கும்போது இரண்டும் சேர்ந்து வரும். இரண்டு சோதனைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பங்கைப் பிரிக்கலாம்.

நீர் நிறைந்த மென்கூழ்களைச் சோதிக்க 2010-இல் ஹார்வர்ட் ஆய்வாளர்கள் ஒரு முறையை வெளியிட்டனர். சிறு முனையை மென்கூழின் பரப்பில் அழுத்திப் பிடித்து, தேவைப்படும் விசை எப்படித் தளர்கிறது என்று பார்ப்பார்கள். பிறகு ஆழத்தை மாற்றி மறுபடி அழுத்துவார்கள். நேரத்தைத் தொடுபரப்பின் ஆரத்தினுடைய வர்க்கத்தால் வகுத்து வரைந்தால், நீரோட்டம் மட்டுமே காரணமாக இருக்கும்போது எல்லா வரைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடும். படியாமல் விலகி நின்றால் அங்கே கூட்டின் பாகுமீட்சியும் வேலை செய்கிறது.